ஒன்று குறைந்த எண்

எண்ணாமல் நடக்கச் சொல்கிறார் டாக்டர். காலையில் பூங்காவை நான்கு முறை சுற்றினால் போதும், எத்தனை அடி என்று கணக்கு வைக்க வேண்டாம், அந்தக் கணக்குதான் உங்கள் ரத்த அழுத்தம் என்கிறார். நான்கு முறை என்பதும் ஓர் எண்தானே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டு, பதில் வாங்கி, அதற்கு மறுபதில் சொல்வதெல்லாம் இப்போது அலுப்பாக இருக்கிறது. ஒரு சுற்றுக்கு அறுநூற்று நாற்பது அடி. முழங்கால் வலிக்கிற நாட்களில் அறுநூற்று எழுபது. எண்ணாமல் நடந்தால் எங்கே இருக்கிறோம் என்றே எனக்குத் தெரியாது.

எண்ணிய எண்கள் தங்குவதும் இல்லை. முப்பத்து மூன்று வருடம் கையெழுத்தோடு சேர்த்துப் போட்ட ஊழியர் எண் போன மாதம் மறந்துபோயிற்று. தங்கியிருப்பது ஒன்றே ஒன்று. 1,18,439. அது என்னுடைய எண்கூட இல்லை. ஒரு பிற்பகல் மட்டும் எங்களுடையதாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில், டில்லியில் மந்திர் மார்க்குக்குப் பின்னால் இருந்த அரசாங்கக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். முதல் மாடி, இரண்டு அறைகள், பத்தொன்பது படிகள். அப்பா ஓர் அமைச்சகத்தில் மேல்நிலை குமாஸ்தா. எனக்கு வயது பதினொன்று. தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவர் என்பதால் அப்பாவுக்கு ஓய்வு பெற ஆறே வருடம் இருந்தது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். ஊரில் எங்களுக்கென்று எதுவும் இல்லை; இருந்த ஒரு வீட்டையும் பெரியப்பா விற்றுவிட்டார். அதனால் அம்மாவுக்கு அந்த ஆறு வருடம் ஆறு மாதம்போலத் தெரிந்தது. பால் பொங்கினால்கூட, இந்த அடுப்பு இன்னும் எத்தனை நாளைக்கோ என்பாள்.

கீழ்வீட்டில் ஓர் அறையை உள்வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். அப்பாவின் அலுவலகத்திலேயே கீழ்நிலை குமாஸ்தா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்பாவை அண்ணாச்சி என்பார். நான் அவரைக் கீழ்வீட்டு மாமா என்பேன். குவார்ட்டர்ஸ் கிடைக்கும் அளவுக்கு அவருக்கு இன்னும் சர்வீஸ் ஆகவில்லை. மனைவியையும் இரண்டு பெண்களையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, வருடத்துக்கு ஒரு முறை மூன்றாம் வகுப்பில் இரண்டு ராத்திரி உட்கார்ந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். சின்னப் பெண் தன்னைப் பார்த்தால் யாரோ என்று அழுகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அது சிரிக்கிற விஷயம் என்று நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தக் கோடையில் ஜனக்புரியில் கட்டப்போகும் அடுக்கு வீடுகளுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். படிவத்தின் தலையில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்தான் பதிவு எண். பிறகு குலுக்கல். குலுக்கலில் எண் வந்தால் வீடு. வராவிட்டால் அடுத்த குலுக்கல் வரை காத்திருக்க வேண்டும்.

படிவம் வாங்க அப்பா விடியும் முன்பே போய் வரிசையில் நின்றார். கீழ்வீட்டு மாமாவுக்கு அப்போது மஞ்சள் காமாலை. கண் இரண்டும் மஞ்சளாக, கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, டில்லிக்காரர்கள் சொன்ன வைத்தியப்படி கரும்புச் சாறாகக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்து நான் வாங்கி வருகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். ஏழு மணி நேரம் நின்றார். ஓர் ஆளுக்கு ஒரு படிவம்தான் என்று கவுன்டரில் இருந்தவன் கத்தினானாம். அப்பா மாமாவின் அடையாள அட்டையையும் டாக்டர் சீட்டையும் காட்டி, தன் ஓட்டை இந்தியில் கெஞ்சினாராம். "அச்சா அச்சா, ஜல்தி லோ", சரி சரி, சீக்கிரம் பிடி என்று இரண்டைத் தள்ளிவிட்டானாம்.

அடுத்தடுத்த எண்கள். முதலில் கைக்கு வந்தது 1,18,439. அடுத்தது 1,18,440. முதலாவது தனக்கு, இரண்டாவது மாமாவுக்கு என்று அங்கேயே முடிவு செய்து, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். அப்பா எதிலும் அப்படித்தான். ஒரே மாதிரி இரண்டு டம்ளர் இருந்தாலும் எது யாருடையது என்று குறித்துவைப்பார்.

வெயிலில் கறுத்துப்போய் வந்த மனிதருக்கு அம்மா மோர் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"இது எட்டுங்க."

"எது எட்டு?"

"ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, எட்டும் பத்து, நாலும் பதினாலு, மூணும் பதினேழு, ஒம்பதும் இருபத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு. எட்டு நமக்கு ஆகாது."

"நம்பர்ல என்னடி இருக்கு? எட்டு என்ன பண்ணிச்சு உன்னை?"

"இந்த வீட்டு நம்பர் நாப்பத்து நாலு. நாலும் நாலும் எட்டு. வந்த அன்னைக்கே குழாய் உடைஞ்சுது. நம்ம கல்யாணம் பதினேழாம் தேதி. ஒண்ணும் ஏழும் எட்டு."

"அப்போ அதுல உடைஞ்சது நானா?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ராகு காலத்தில் வேண்டுமென்றே சவரம் செய்துகொள்பவர். ஆனால் ஏழு மணி நேரம் வெயிலில் நின்றவர். வீடு என்ற சொல் அவருக்குள்ளும் ஏதோ செய்திருக்க வேண்டும். அம்மா சொன்னதற்காக மாற்றுவது அவமானம். மாற்றாமல் இருக்கவும் பயம். என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுடா. கணக்குப்படி ரெண்டுல எது நல்ல நம்பர்?"

கணக்குப்படி நல்ல நம்பர், கெட்ட நம்பர் என்று ஒன்று உண்டா என்று கேட்கும் அறிவு எனக்கு அப்போது இல்லை. வகுப்பில் கணக்கில் முதல் மாணவன் என்ற திமிர் மட்டும் இருந்தது. பள்ளியில் தமிழில் வாய்ப்பாடு சொல்லித் தந்தார்கள், பதினாறாம் வாய்ப்பாடு வரை. ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று முதல் பதினாறு வரை ஒவ்வொன்றாலும் இரண்டு எண்களையும் வகுப்பது என்று தீர்மானித்தேன்.

1,18,440 ஒரு பெரிய மனிதரைப்போல நடந்துகொண்டது. இரண்டால் வகுத்தேன், மீதி இல்லை. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, எதற்கும் மீதி இல்லை. பன்னிரண்டு, பதினான்கு, பதினைந்துக்கும் இல்லை. பதினொன்று, பதின்மூன்று, பதினாறு மூன்றிடம் மட்டும் முரண்டு பிடித்தது. பதினாறு பேர் வந்து கேட்டால் பதின்மூன்று பேருக்குச் சண்டையில்லாமல் பங்கு கொடுக்கும் எண்.

1,18,439-ஐ இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு. நான்கால் வகுத்தால் மூன்று. ஐந்துக்கு நான்கு. இப்படியே பத்தால் வகுத்தால் ஒன்பது. அந்த மூன்றைத் தவிர எதை எடுத்தாலும் சரியாக ஒன்று குறைந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓர் எண்ணுக்கு இவ்வளவு துரதிர்ஷ்டம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"அப்பா, இது எல்லாத்துலயும் ஒண்ணு குறையுது. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் எதுலயும் அடங்கல. அது எல்லாத்துலயும் அடங்குது."

"பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

பாவம், அப்பா. அம்மா சொன்னது சாஸ்திரம், நான் சொன்னது கணிதம், இரண்டும் ஒன்றையே சொல்லும்போது மறுக்க முடியாது என்று நினைத்திருப்பார். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது அதை ஒன்பதால் வகுத்து வரும் மீதிதான். அம்மாவின் எட்டும் என் ஸ்லேட்டில் ஒன்பதுக்கு நேராக இருந்த எட்டும் ஒரே எட்டு. ஒரு சாட்சியை இரண்டு சாட்சியாக எண்ணிவிட்டோம். மீதி விஷயமும் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. எல்லாவற்றாலும் வகுபடும் எண்ணுக்கு முந்திய எண் எல்லாவற்றிலும் ஒன்று குறையத்தான் செய்யும். அது அந்த எண்ணின் குணம் இல்லை. பணக்கார வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தது, அவ்வளவுதான் அதன் குற்றம்.

நான் இன்னும் ஒரு வாய்ப்பாடு படித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். 1,18,439 பதினேழால் மீதியில்லாமல் வகுபடும். ஈவு 6,967. ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதே வாரம் 1,18,440-இன் வகுத்திகளையும் எண்ணினேன். தொண்ணூற்றாறு. இதற்குத்தான் ஓய்வு பெற்றீர்களா என்று மனைவி கேட்டாள்.

அப்பா இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "கீழ இருக்கிறவருக்கு மட்டும் எட்டு பரவாயில்லையா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"அவர்தான் இதெல்லாம் நம்பாத ஆளாச்சே. நம்பாதவங்களுக்கு எட்டு ஒண்ணும் செய்யாது."

"நானும்தான் நம்பறதில்ல."

"நான் நம்பறேனே. நான் இருக்கிற வீட்டுக்குத்தானே எழுதிப் போடறீங்க."

அப்பா என் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்தார். இரண்டு மூலைகளிலும் இருந்த எழுத்துகளை அழித்தார். கை வியர்வையில் காகிதம் லேசாகக் கசங்கியது. 1,18,440-இல் தன் பெயரைப் பேனாவாலேயே எழுதினார். மற்றொன்றை என்னிடம் நீட்டி, "கீழ குடுத்துட்டு வா" என்றார்.

அப்பாவே கொண்டுபோய்க் கொடுக்காதது எனக்குப் பெருமையாக இருந்தது. என்னை நம்பி ஒரு வீட்டை அனுப்புகிறார்.

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து படிவத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தலையில் இருந்த எண்ணை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தார்.

"ஏலே, அண்ணாச்சிக்கு எந்த நம்பரு?"

"அடுத்த நம்பர், மாமா."

"நல்ல நம்பராலே இது? நீதான் கணக்குல புலியாச்சே. பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்போ சரி. நீ பாத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, குடிக்காமல் வைத்திருந்த இன்னொரு டம்ளர் கரும்புச் சாற்றை என்னைக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். இனிப்பாக இருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குளிர்காலம் தொடங்கியபோது குலுக்கல் முடிந்து எண்களை ஒட்டினார்கள். அப்பா அரைநாள் விடுப்பு எடுத்து என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். தட்டச்சு செய்த தாள்கள் ஒரு நீளப் பலகை முழுக்க ஒட்டியிருந்தன. கூட்டம் நெரிந்தது. கண்ணாடி போட்டும் அப்பாவுக்கு மேல் வரிசைகள் தெரியவில்லை. ஒரு சர்தார்ஜி தன் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "சடோ பேட்டா" என்று என்னைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டார். ஏறி நின்று படித்தேன்.

1,18,397. 1,18,412. 1,18,439. 1,18,471.

நான் 471-இலிருந்து மறுபடி மேலே போனேன். நானூற்று நாற்பது இல்லை.

"சத்தமாப் படி" என்றார் அப்பா கீழேயிருந்து. படித்தேன். "இன்னொரு தடவை" என்றார். படித்தேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. சர்தார்ஜி, "மில் கயா?" என்று கேட்டார். கிடைத்துவிட்டதா என்று. அப்பா தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று சைக்கிள் மேலிருந்து எனக்குத் தெரியவில்லை. சர்தார்ஜி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அழவில்லை. நிறைந்திருந்த வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி தண்ணீர் பிடித்தாள். வாளி நிறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எட்டுன்னு சொன்னது நான்தான். ஆனா ரப்பரை எடுத்தது நீங்க" என்றாள். நான் ஸ்லேட்டை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை.

மாமா ஒரு மணி நேரத்தில் மேலே வந்தார். அவரும் பார்த்துவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு பெட்டி பர்ஃபி. பத்தொன்பது படியையும் ஓடி ஏறியிருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. அம்மாவிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு அப்பாவின் முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நான் அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன். கேட்டா நீங்க மழுப்பிருவியன்னு விட்டுட்டேன்."

"என்னப்பா?"

"ஃபாரத்துல பேரெழுதப் போறேன், மூலையில ரப்பர் வச்சு அழிச்ச தடம் கெடக்கு. வெளக்குக்கு நேரா புடிச்சுப் பாத்தேன். உங்க பேரோட மொத எழுத்துலா அது? உங்களுக்குன்னு வாங்குனத எனக்குத் தந்துட்டு, எனக்கு வாங்குனத நீங்க வச்சுக்கிட்டிய. சீக்காளி, பிள்ளைகுட்டிய விட்டுட்டுக் கெடக்கான், முன் நம்பர் அவனுக்குப் போகட்டும்னுதான செஞ்சிய? எங்கூடப் பொறந்தவன் செய்ய மாட்டான் அண்ணாச்சி."

அம்மா பெட்டியோடு சமையலறைக்குள் போய்விட்டாள்.

எனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. நேர்மையால் அல்ல. மாமா கணக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார், அதைத் திருத்த வேண்டும் என்ற அரிப்பு. "இல்ல மாமா, அது கூட்டினா..." என்று ஆரம்பித்தேன். அப்பாவின் கை வந்து என் பிடரியில் விழுந்தது. அடிக்கவில்லை. அப்படியே அழுத்திக்கொண்டிருந்தது.

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றார்.

"இப்படித்தான் சொல்லுவியன்னு தெரியும்" என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் எண்ணுக்கு வீடு வந்தது பதினோரு வருடம் கழித்து. அதற்குள் அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் கொடுத்துவிட்டு, நாங்கள் மூன்று வாடகை வீடுகள் மாறியிருந்தோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் நடந்ததுதான்.

மாமாவின் வீடு ஒன்றரை வருடத்தில் தயாராகிவிட்டது. மனைவியும் பெண்களும் ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமாவின் சாமான்களை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஜனக்புரிக்குப் போனோம். அப்பா வர வேண்டிய அவசியமே இல்லை என்று அம்மா முதல் நாளே சொல்லிப் பார்த்தாள். "நமக்கே வீடில்ல. ஊரான் வீட்டுக்குச் சாமான் தூக்கப் போறாராம்." அப்பா பழைய சட்டையைத் தேடினார்.

இரண்டாம் மாடி. முப்பத்தெட்டுப் படிகள். கூலிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஆனாலும் அப்பா தூக்கினார். அரிசி மூட்டை, அம்மிக்கல், தகர டிரங்குப் பெட்டி. "அண்ணாச்சி, கீழ வைங்க, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று மாமா பின்னாலேயே ஓடி வந்தார். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பதினான்கு முறை ஏறி இறங்கினார். கடைசி இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வீட்டை ஆசை தீரப் பார்க்கத்தான் இத்தனை தரம் ஏறுகிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மேலே வந்ததும் அவர் வீட்டைப் பார்க்கவில்லை. சாமானை வைத்துவிட்டு உடனே இறங்கினார்.

எல்லாம் முடிந்ததும் மாமா தன் இரண்டு பெண்களையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பெரியவளுக்கு என் வயது இருக்கும். சின்னவள் தன் அப்பாவின் விரலைப் பிடித்திருந்த விதத்தில் இன்னும் கொஞ்சம் புதுசு இருந்தது.

"விழுந்து கும்பிடுங்கட்டி. இந்த மாமா தந்த வீடுதான் இது."

பெண்கள் விழுந்தார்கள். அப்பா பின்னால் நகர்ந்தார். நகர இடமில்லை, முதுகு புதுச் சுண்ணாம்புச் சுவரில் முட்டியது. "எழுந்திருங்கம்மா, எழுந்திருங்க" என்றார். கை ஆசீர்வாதம் செய்ய உயரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குப் பசித்தது.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அப்பாவின் சட்டை முதுகில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பாதி கட்டிய வீடுகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் புசா ரோட்டை நெருங்கியது. வீடு கிடைக்காததுதான் அவரை இப்படி வாட்டுகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பதின்மூன்று வயதாகப்போகிறவன், தகப்பனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதா?

"கவலைப்படாதீங்கப்பா. நம்ம நம்பர்தான் நல்ல நம்பர். அடுத்த தடவை அது கண்டிப்பா வரும். மாமாவுக்குக் குடுத்த நம்பர்தான் மோசம். அவருக்கு என்னவோ இந்தத் தடவை தப்பிச்சிருச்சு."

அப்பா என் பக்கம் திரும்பினார். வெகு நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆறுதல் பலித்துவிட்டது என்று நினைத்து அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.